வாயால் சொன்னால் சான்றிதழ் ரத்தாகிவிடுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ரோட்டோரம் தள்ளுவண்டி இட்லிக்கடை வைத்திருக்கிறேன். விற்பனைச் சான்றிதழ் என் பெயரில் இருக்கிறது. மஞ்சள் காமாலையில் நான் படுத்திருந்தபோது கல்லூரியில் படிக்கும் மகள் கடையைப் பார்த்தாள். அவளுக்குப் பரீட்சை வந்த பத்து நாள் மட்டும், பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாள் வாடகைக்கு விட்டேன். சோதனைக்கு வந்தவர், "கார்டு கேன்சல், நாளையிலிருந்து வண்டி நிற்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்வது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, வாயால் சொன்னதால் சான்றிதழ் ரத்தாகாது. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, நிபந்தனையை மீறினாலோ பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்கியிருந்தாலோ, மாநகராட்சி அதை ரத்து செய்யலாம், கொஞ்ச காலம் நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் உங்களைக் கூப்பிட்டு உங்கள் தரப்பைக் கேட்காமல் இரண்டையுமே செய்ய முடியாது.

மகள் கடை பார்த்ததில் தப்பே இல்லை. வியாபாரி நோயில் படுத்தால் கணவரோ மனைவியோ, அவரை நம்பியிருக்கும் பிள்ளையோ கடையை நடத்தலாம் என்று 5ஆம் பிரிவே சொல்கிறது. வாடகைக்கு விட்டதுதான் இடிக்கிறது. சான்றிதழை யாருக்கும் வாடகைக்குக் கூட விடக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. "அந்த அக்கா சொந்தக்காரி என்று சொல்லிவிடு" என யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தெருவே பார்த்த விஷயம் அது. நோய், பரீட்சை, பத்து நாள் என்று நடந்ததை நடந்தபடி மனுவாக எழுதி, ஆஸ்பத்திரி சீட்டு, ஹால் டிக்கெட் நகல்களை இணைத்து மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

நடவடிக்கை எடுத்தே தீருவார்கள் என்றால், ரத்து வேண்டாம், சில நாள் நிறுத்திவையுங்கள் என்று அந்த மனுவிலேயே கேளுங்கள். ரத்தானால் இடமே கைவிட்டுப் போகும். நிறுத்திவைத்தால் கெடு முடிந்ததும் அதே இடத்துக்கு வரலாம். தெருவோர வியாபாரம், சான்றிதழ் விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் பகுதிப் பிரதிநிதி யாரென்று கேட்டு, விசாரணைக்கு முன்பே அவரைப் பாருங்கள்.

ஆணை பாதகமாக வந்தால் 11ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடு இருப்பதால் ஆணை வந்த தேதியைக் குறித்துவையுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறார்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் உரிமையோடு கேளுங்கள்.

எழுத்தில் ஆணை வரும்வரை சான்றிதழோடு வண்டியைப் போடலாம். ஒருவேளை தூக்கிக்கொண்டு போனால், எடுத்த பொருட்களுக்குப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால், மாவு மாதிரி கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே தர வேண்டும், வண்டியையும் பாத்திரத்தையும் இரண்டு வேலை நாளுக்குள்.