இரண்டு அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் என்ன செய்வது?

கேள்வி: என் வயது 36. பேருந்தில் செல்லும்போது திடீரென நெஞ்சு படபடத்து, மயங்கி விழுந்துவிடுவேனோ என்ற பயம் வந்துவிடுகிறது. இதயத்தில் கோளாறு இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதங்களாக வாரம் ஒருமுறை உளவியல் சிகிச்சைக்குப் போகிறேன். அங்கே பேசும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. பேருந்தில் ஏறியதும் எதுவும் நினைவில் இல்லை. எழுதிவரச் சொன்ன நோட்டும் காலியாகவே இருக்கிறது. இந்தச் சிகிச்சை எனக்குப் பயன்படாதா? – ஒரு வாசகி

பதில்: நீங்கள் விவரிப்பது ‘பேனிக் அட்டாக்’ (திடீரென எழும் கடும் பீதி) போலத் தெரிகிறது. இதற்குப் பரவலாக அளிக்கப்படுவது, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அதன் அடித்தளத்தை 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அமைத்தார். அமர்வுகளுக்கு இடையே நோயாளி செய்துபார்க்கும் பயிற்சி, அதில் தொடக்கத்திலிருந்தே சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இருந்துவருகிறது.

நீங்கள் மறந்துபோவதில் வியப்பில்லை. அமைதியான அறையில் கிடைக்கும் தெளிவு, பயம் எழும் இடத்துக்குத் தானாக உடன் வந்துவிடுவதில்லை. பேருந்துப் பயம் பேருந்தில்தான் தளர வேண்டும். ஆகவே சிகிச்சையாளருடன் பேசி, மிகச் சிறிய சோதனை ஒன்றை முடிவுசெய்யுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் இரண்டு நிறுத்தங்கள் மட்டும் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு முன், ‘மயங்கி விழுவேன்’ என்பதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்; இறங்கியதும் உண்மையில் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று குறையும்போதுதான் வருகிறது. படபடப்பின்போதோ அது பொதுவாகச் சற்று உயர்கிறது. இதை நான் சொல்லிக் கேட்பதைவிட, நீங்களே விழாமல் இறங்கி நின்று அறிவது பலமடங்கு உறுதியாகப் பதியும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்தபடியோ, வீட்டாருடன் விடாமல் கைபேசியில் பேசியபடியோ பயணத்தை முடித்தால், ‘அது இருந்ததால்தான் தப்பித்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். பயம் அப்படியே இருக்கும். இத்தகைய துணைகளை ஒவ்வொன்றாகக் கைவிடுவதும் பயிற்சியில் அடங்கும்.

நோட்டு காலியாக இருப்பதை மறைக்காமல் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். வீட்டுப்பாடம் எழுதாத மாணவியாக அவர் உங்களைப் பார்க்க மாட்டார் (அப்படிப் பார்த்தால் தவறு அவருடையது). எழுத நேரமில்லையா, எழுதினாலே பயம் கிளம்புகிறதா, வீட்டில் யாரேனும் படித்துவிடுவார்கள் என்ற கூச்சமா என்பது தெரிந்தால், அதற்கேற்பப் பயிற்சியை மாற்றலாம். ஒவ்வொரு அமர்வின் கடைசிப் பத்து நிமிடங்களை, எந்த நாளில், எந்த வேளையில், எதைச் செய்வது என்று முடிவெடுக்க ஒதுக்கும்படி கேளுங்கள். அவர் சம்மதித்தால் அந்தப் பகுதியைக் கைபேசியில் பதிவுசெய்து வீட்டில் கேட்கலாம்.

மருந்தும் எடுத்துக்கொள்பவரானால், பயிற்சி பலனளிக்கத் தொடங்கியதும் நீங்களாக அதை நிறுத்த வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது எழுந்தால், அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், இரவிலும் பேசலாம்.