விமானம் இல்லாத விமானந்தாங்கிகள்: பிரிட்டன் கடற்படை குறித்து வாசகர் கேள்விகள்

பிரிட்டனின் எஃப்-35பி போர்விமானம் ஒன்று 2025 ஜூனில் திருவனந்தபுரத்தில் வந்திறங்கி ஐந்து வாரத்துக்கு மேல் தங்கிப்போனதிலிருந்து, எனக்கு வரும் கடிதங்களில் பாதி அந்த நாட்டுக் கடற்படையைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, நீண்டவற்றைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 2010இல் பிரிட்டன் ஹாரியர் விமானங்களை ஒரேயடியாகக் கைவிட்டது ஏன்? அவை பழசாகிவிட்டனவா?

பழசாகவில்லை. ஜிஆர்9 என்ற வடிவுக்குப் புதுப்பித்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 2010 மே மாதம் பதவிக்கு வந்த டேவிட் கேமரூன் அரசு, பாதுகாப்புச் செலவை நான்கு ஆண்டுகளில் சுமார் 8 சதவீதம் குறைக்க முடிவு செய்தது. இங்கே நாலு, அங்கே ஐந்து என்று விமானங்களைக் குறைத்தால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒரு விமான வகை பணியில் இருக்கும்வரை அதற்கென்று உதிரிபாகக் கிடங்கு வேண்டும், பயிற்சிப் பள்ளி வேண்டும், பழுதுபார்க்கும் ஒப்பந்தம் வேண்டும். எழுபது விமானத்துக்கு ஆகும் இந்தச் செலவில் பெரும்பகுதி பத்து விமானத்துக்கும் ஆகும். ஆகவே கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு வகையை வேரோடு பிடுங்கத்தான் பார்ப்பார்கள்.

டொர்னாடோ என்ற இன்னொரு போர்விமானமா, ஹாரியரா என்று வந்தது. டொர்னாடோ எண்ணிக்கையில் அதிகம். ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணையைச் சுமக்கும். அப்போது ஆப்கானிஸ்தானில் பணியிலும் இருந்தது. ஹாரியரால் மட்டுமே செய்ய முடிந்த வேலை ஒன்றுதான்: கப்பலிலிருந்து பறப்பது. அது சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாது என்று அரசு தீர்மானித்தது.

அறிவிப்பு வந்தது அக்டோபர் 19. ஆர்க் ராயல் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கடைசி ஹாரியர் கிளம்பியது நவம்பர் 24. டிசம்பர் 15 அன்று காட்டெஸ்மோர் தளத்தில் 16 ஹாரியர்கள் சேர்ந்து பறந்து இறங்கின. எட்டே வாரத்தில் எல்லாம் முடிந்தது. மறு ஆண்டு, 72 விமானங்களும் உதிரிபாகங்களும் சுமார் 11.6 கோடி பவுண்டுக்கு அமெரிக்க மெரைன் படைக்குப் போயின. மெரைன்கள் தங்களிடம் இருந்த ஹாரியர்களைத் தொடர்ந்து பறக்கவைக்க அவற்றைக் கழற்றிப் பயன்படுத்தத்தான் வாங்கினார்கள். வாங்கியவர் கெட்டிக்காரர்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010இல் விழுந்தது இரண்டாவது வெட்டு. ரேடார் பொருத்திய, எதிரி விமானத்தை வானிலேயே மறிக்கக்கூடிய சீ ஹாரியர் 2006இலேயே ஓய்வுபெற்றுவிட்டது. எஞ்சிய ஹாரியர்கள் தரையைத் தாக்குவதற்கானவை. கப்பற்படைக்கு மேலே குடைபிடிக்கும் விமானம் நான்கு ஆண்டுகளாகவே இல்லை.

கேள்வி: விமானந்தாங்கி இல்லாமலேயே 2011இல் லிபியாவில் பிரிட்டன் போரிட்டதே? அப்படியானால் அந்த வெட்டு சரிதானே?

போரிட்டது உண்மை. ஆனால் எப்படி என்று பாருங்கள். ஆர்க் ராயல் பணியிலிருந்து விலக்கப்பட்டது 2011 மார்ச் 11. சரியாக எட்டு நாள் கழித்து லிபியாவின் மீது தாக்குதல் தொடங்கியது. முதல் இரவில் டொர்னாடோக்கள் இங்கிலாந்தின் மார்ஹாம் தளத்திலிருந்து கிளம்பி, வழியில் பலமுறை எரிபொருள் நிரப்பிக்கொண்டு, போகவர 3,000 மைல் பறந்து குண்டு போட்டுவிட்டுத் திரும்பின. பிறகு தெற்கு இத்தாலியின் ஜோயா டெல் கோல்லே தளத்துக்கு இடம்பெயர்ந்தன. பிரான்சின் ஷார்ல் தெ கோல் கப்பல் லிபியக் கடற்கரைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. இத்தாலியின் கரிபால்டி கப்பலிலிருந்து பறந்தவை எவை தெரியுமா? ஹாரியர்கள்!

இத்தாலி நட்பு நாடு, லிபியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தளம் கொடுத்தது. அதனால் சமாளித்தார்கள். தளம் தர யாருமில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கேள்வி.

கேள்வி: ஃபாக்லாந்து போருக்குச் சற்று முன் விமானந்தாங்கியை விற்கவிருந்தார்கள் என்பது கதையா, நிஜமா?

நிஜம். 1981 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் வெளியிட்ட மறுஆய்வு, கடற்படையின் மேற்பரப்புக் கப்பல்களைக் கடுமையாக வெட்டியது. அப்போதுதான் பணிக்கு வந்திருந்த இன்வின்சிபிள் கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு 17.5 கோடி பவுண்டுக்கு விற்க 1982 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டார்கள். ஏப்ரல் 2 அன்று, தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினா படைகள் இறங்கின. இன்வின்சிபிளும், ஓய்வுக்குக் காத்திருந்த ஹெர்மிஸும் 20 சீ ஹாரியர்களுடன் புறப்பட்டன. எட்டாயிரம் மைல் தொலைவில் அந்த இருபதும், பின்னால் வந்து சேர்ந்தவையும்தான் கப்பற்படையின் போர்விமானங்கள். வான்சண்டையில் ஒரு சீ ஹாரியரைக்கூட அர்ஜென்டினா வீழ்த்தவில்லை. விற்பனை ரத்தானது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது இன்னொன்று. அதே பெயரில் முன்பு இருந்த, வேறொரு பெரிய ஆர்க் ராயல் 1970களின் கடைசிவரை பணியில் இருந்தது. அதில் கன்னெட் என்ற, பார்க்கக் குண்டான ஒரு விமானம் உண்டு. அடிவயிற்றில் ரேடார் வைத்துக்கொண்டு உயரத்தில் சுற்றும். தாழப் பறந்து வரும் எதிரி, கப்பலின் ரேடாருக்குத் தெரியமாட்டான். பூமியின் வளைவு மறைத்துவிடும். உயரத்தில் இருக்கும் கன்னெட்டின் கண்ணுக்குத் தப்ப முடியாது. அது பறக்கக் கப்பலில் விமானத்தை வேகமாக உந்தித்தள்ளும் கவண் வேண்டும், இறங்கத் தடுப்புக் கம்பி வேண்டும். பெரிய கப்பலைக் கழித்துவிட்டுக் கவண் இல்லாத சிறிய கப்பலுக்கு மாறியபோது கன்னெட்டும் 1978இல் போயிற்று. அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை.

1982 மே 4. அர்ஜென்டினாவின் சூப்பர் எத்தாந்தார் விமானங்கள் கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்து எக்சோசெட் ஏவுகணைகளை விட்டன. பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பலில் 20 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அவசர அவசரமாக சீ கிங் ஹெலிகாப்டரின் பக்கவாட்டில், காற்றடைத்த பெரிய பை போன்ற உறைக்குள் ஒரு ரேடாரைப் பொருத்தினார்கள். பறக்கும்போது பை கீழே இறங்கும், தரையிறங்கும்போது மடிந்து மேலே போகும். பதினொரு வாரத்தில் தயாரித்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் அவை தெற்கே கிளம்பியது ஆகஸ்டில். போர் ஜூன் 14இலேயே முடிந்துவிட்டது.

இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடத்தை மறக்கமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். 2018இல் அந்த ரேடார் சீ கிங்குகள் ஓய்வுபெற்றன. அடுத்ததாக மெர்லின் ஹெலிகாப்டரில் வரவேண்டிய குரோஸ்நெஸ்ட் ரேடார் முறைப்படி பணிக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது 2023இல். இடையில் 2021இல் முழுமையடையாத வடிவில் ஒரு பயணத்துக்கு அனுப்பினார்கள்.

கேள்வி: பணமில்லை என்றவர்கள் 65,000 டன்னில் இரண்டு புதிய கப்பல்களை எப்படிக் கட்டினார்கள்?

நிறுத்தினால் இன்னும் செலவாகும் என்பதால் கட்டினார்கள். கேமரூனே நாடாளுமன்றத்தில் இதைச் சொன்னார்: முந்தைய அரசு போட்ட ஒப்பந்தப்படி, கட்டுவதைவிட ரத்து செய்வதற்கு அதிகம் ஆகும். விமானத்தை வெட்டினால் உடனே பணம் மிஞ்சும், கப்பலை வெட்டினால் மிஞ்சாது. அதனால் விமானம் போயிற்று, கப்பல் வளர்ந்தது.

இந்தக் கப்பல்களின் கணக்கு ஒரு தனி வேடிக்கை. 2008 டிசம்பரில், அந்த நேரத்துப் பற்றாக்குறையைச் சமாளிக்க, கட்டுமானத்தை ஓரிரு ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். நான்கு ஆண்டுகளில் சுமார் 45 கோடி பவுண்டு மிச்சம். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் கூடுதல் செலவு சுமார் 112 கோடி. 2010இல் செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி வேண்டாம், கவணில் கிளம்பும் எஃப்-35சி வேண்டும் என்றார்கள். கப்பலை அதற்கேற்ப மாற்றும் செலவு மலைபோல் ஏறவே, 2012 மே மாதம் மறுபடி எஃப்-35பிக்கே திரும்பினார்கள். இப்படி முடிவை மாற்றி மாற்றி எடுத்ததற்குச் சுமார் 7.4 கோடி பவுண்டு. முடிவில் குயின் எலிசபெத் 2017 டிசம்பரிலும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 2019 டிசம்பரிலும் பணிக்கு வந்தன. இரண்டும் சேர்த்து 600 கோடி பவுண்டுக்கு மேல்.

கேள்வி: எட்டு ஆண்டு இடைவெளி அவ்வளவு பெரிய விஷயமா? விமானம் வந்தபின் ஆட்களைப் பயிற்றுவித்தால் போதாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆர்க் ராயலிலிருந்து கடைசி ஹாரியர் கிளம்பியதற்கும், அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால் குயின் எலிசபெத்தில் முதல் எஃப்-35பி இறங்கியதற்கும் (2018 செப்டம்பர் 25) இடையே ஏழு ஆண்டு பத்து மாதம்.

விமானி பிரச்சினை எளிதில் தீரும். பிரிட்டன் தன் விமானிகளை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பி எஃப்-18 ஓட்டவைத்துப் பழக்கத்தை விடாமல் காப்பாற்றியது. சிக்கல் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர்களிடம் இருக்கிறது. இரவு, மழை, தளம் இப்படியும் அப்படியும் சாய்கிறது. பல டன் எடையுள்ள விமானத்தை விளிம்பிலிருந்து சில அடி தள்ளி நிறுத்த வேண்டும். எஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கைச்சைகை காட்டும் மஞ்சள் சட்டைக்காரரின் கையை விமானி நம்ப வேண்டும். அடுத்த நொடி சக்கரத்துக்குக் கட்டை போட்டு, சங்கிலி பூட்டி, ஒருவர் இழுத்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எந்தப் பக்கம் வெப்பக்காற்று வரும், எங்கே நிற்கக் கூடாது என்பது காலுக்கே தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கல்ட்ரோஸ் தளத்தில் தரையிலேயே கப்பல் தளம் போல் ஒன்றை அமைத்துப் பழைய ஹாரியர்களை வைத்துப் பயிற்சி தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தளம் ஆடாது.

இருபது வயதில் சங்கிலி பூட்டக் கற்றவர் முப்பத்தைந்து வயதில் மேற்பார்வையாளராகிறார். நடுவில் எட்டு ஆண்டு விழுந்தால், இன்று மேற்பார்வை செய்யவேண்டியவர் கற்கவேண்டிய காலத்தில் கப்பலில் விமானமே இல்லை. அதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

2021 நவம்பர் 17 அன்று மத்தியதரைக் கடலில் ஒரு எஃப்-35பி, எஞ்சினுக்குள் காற்றுபோகும் வாயில் மூடி ஒன்று எடுக்கப்படாமல் கிடந்ததால் வேகம் கூடாமல், மெல்ல உருண்டு முன்புறச் சாய்தளத்தைத் தாண்டிக் கடலில் விழுந்தது. விமானி தப்பினார். ‘இது வெட்டின் விளைவு’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படி நேராக முடிச்சுப்போட நான் தயாரில்லை. விபத்து எந்தக் கடற்படையிலும் நடக்கும். அதே பயணத்தில் கப்பலில் இருந்த 18 எஃப்-35பி விமானங்களில் பத்து அமெரிக்க மெரைன்களுடையவை என்பதுதான் வெட்டின் விளைவு.

கேள்வி: கடற்படை வான்பலம் என்றால் விமானந்தாங்கி மட்டும்தானா?

இல்லை. கரையிலிருந்து பறந்து நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்து விமானங்களும் அதில் சேரும். பிரிட்டனில் அவை விமானப்படையிடம் இருப்பதால் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நிம்ராட் எம்ஆர்2 2010 மார்ச்சில் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு வரவிருந்த எம்ஆர்ஏ4 திட்டம் அதே அக்டோபரில் ரத்து. ஒன்பது விமானங்களுக்காக 300 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்திருந்தார்கள். 2011 ஜனவரியில் அவற்றை உட்ஃபோர்டு ஆலையில் இயந்திரம் வைத்து நொறுக்கினார்கள். 2014 கடைசியில் ஸ்காட்லாந்துக்கு அருகே அந்நிய நீர்மூழ்கி இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தபோது, தேடுவதற்கு அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் விமானங்களை அழைக்க வேண்டியிருந்தது. பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் வெளியே வருவதும் அந்த ஸ்காட்லாந்துக் கரையிலிருந்துதான். 2015இல் ஒன்பது பொசைடன் விமானங்கள் வாங்க முடிவானது. முதலாவது வந்து சேர்ந்தது 2020 பிப்ரவரியில்.

கேள்வி: வெட்டு எல்லாமே தவறு என்பதுபோல் எழுதுகிறீர்களே?

அப்படி நினைக்கவில்லை. 1966இல் பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி சிவிஏ-01 என்ற பெரிய விமானந்தாங்கித் திட்டத்தை ரத்து செய்ததை எதிர்த்துக் கடற்படைத் தளபதி டேவிட் லூஸும், கடற்படைக்கான அமைச்சர் கிறிஸ்டோபர் மேஹியூவும் பதவி விலகினார்கள். சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இருந்த ராணுவப் பொறுப்புகளை விட்டு வெளியேறுவதானால், அவ்வளவு பெரிய கப்பல் எதற்கு என்று ஹீலி தரப்பு கேட்டிருந்தால் அது நியாயம். ஆனால் 1966இல் பொறுப்பைக் குறைக்காமல் கருவியை மட்டும் குறைத்தார்கள். மேஹியூவின் மனக்குறையும் அதுதான். கப்பலுக்குப் பதில் அமெரிக்க எஃப்-111 விமானங்கள் தரைத்தளத்திலிருந்து பறந்து காக்கும் என்றார்கள். 1968 ஜனவரியில் எஃப்-111யும் ரத்து. சூயஸுக்குக் கிழக்கிலிருந்து வெளியேறும் அவசர அறிவிப்பும் அதே மாதம்தான் வந்தது. வரிசை மாறியிருந்தால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

கேள்வி: கடற்படையின் விமானங்களை விமானப்படைதான் அழித்தது என்கிறார்களே?

இந்தப் பங்காளிச் சண்டை 1918 ஏப்ரல் 1 அன்று, கடற்படையின் விமானப் பிரிவைப் புதிய விமானப்படையோடு இணைத்த நாளிலேயே தொடங்கியது. கடற்படைக்குத் தன் விமானங்கள் திரும்பக் கிடைத்தது 1939 மே மாதம், செப்டம்பரில் உலகப்போர். இரண்டு இறக்கை அடுக்குகொண்ட சுவார்ட்ஃபிஷ் விமானங்களோடுதான் போருக்குப் போனார்கள். பங்காளிகள் மேல் பழி போடுவது சுலபம். பணம் போதுமான அளவு இருந்த காலத்தில் இருவரும் சண்டையிட்டுக்கொண்டதாக நான் படித்ததில்லை.

கேள்வி: திருவனந்தபுரத்தில் எஃப்-35பி மாட்டிக்கொண்டதும் செலவுக் குறைப்பால்தானா?

இல்லை. மோசமான வானிலையில் எரிபொருள் குறைந்து ஜூன் 14 அன்று இறங்கியது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. பிரிட்டனிலிருந்து பொறியாளர்கள் வந்து சரிசெய்ய, ஜூலை 22 அன்று கிளம்பியது. அதை வைத்துக் கேரளச் சுற்றுலாத்துறை விளம்பரமே செய்துவிட்டது. ஆனால் அதே ஜூலையில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். எஃப்-35பிகள் பறக்கத் தயாராக இருக்கும் விகிதம் 2024இல் அரசின் இலக்கில் ஏறத்தாழப் பாதிதான். பொறியாளர்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் பற்றாக்குறை. விமானத்தின் ரேடார்-மறைவுத் தன்மையைச் சோதிக்கும் கூடம் ஒன்றைத் தள்ளிப்போட்டு 8.2 கோடி பவுண்டை அப்போதைக்கு மிச்சம் பிடித்ததையும், அதனால் பின்னால் 1.6 கோடி கூடுதலாகப் போவதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். 2008இல் போட்ட கணக்கேதான், தொகை மட்டும் சிறியது.

கேள்வி: ஃபாக்லாந்து போரில் இருந்த அந்த இரண்டு கப்பல்களும் என்ன ஆயின?

ஆஸ்திரேலியாவுக்குப் போகாமல் தப்பிய இன்வின்சிபிளை 2011இல் துருக்கியில் உடைத்தார்கள். ஹெர்மிஸ் இந்தியாவுக்கு வந்து 1987இல் ஐஎன்எஸ் விராட் ஆனது. 2017 மார்ச் 6 வரை பணியில் இருந்து, 2020இல் குஜராத்தில் கப்பல் உடைக்கும் அலங் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பிரிட்டன் 2006இல் கைவிட்ட சீ ஹாரியர் வகையை, அந்தக் கப்பலுக்காக இந்தியக் கடற்படை 2016 வரை பறக்கவிட்டது.