கோல்டன் ரெட்ரீவர் எங்கிருந்து வந்தது?

கோல்டன் ரெட்ரீவர் ஸ்காட்லாந்தில் உருவான வேட்டை நாய். விரட்டிக் கடிப்பது இதன் வேலை இல்லை. சுட்டு விழுந்த பறவையைத் தேடி, சேதமில்லாமல் எடுத்து வந்து எஜமானர் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு நாய் ஏன் தேவைப்பட்டது? 19-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிகள் மேம்பட்டன. தூரத்தில் பறக்கும் பறவையையும் சுட முடிந்தது. ஆனால் அது ஏரியிலோ சதுப்பிலோ புதருக்குள்ளோ விழுந்தது. அதனால் நன்றாக நீந்தவும், மோப்பம் பிடிக்கவும், மென்மையாகக் கவ்வவும் தெரிந்த நாய் வேண்டியிருந்தது. பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்குமே, அந்தப் பதம்தான்.

பின்னாளில் ட்வீட்மவுத் பிரபுவான டட்லி மார்ச்பேங்க்ஸ் 1865-ல் 'நூஸ்' என்ற மஞ்சள் நிற நாயை வாங்கினார். கறுப்புக் குட்டிகளுக்கு நடுவே அது ஒன்றுதான் மஞ்சளாகப் பிறந்திருந்தது. அதை 'பெல்' என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலோடு இணை சேர்த்தார். (அந்த ஸ்பானியல் இனம் இன்று அழிந்துவிட்டது, பெரிய இழப்பு.) 1868-ல் பிறந்த மஞ்சள் குட்டிகளிலிருந்துதான் இந்த இனம் தொடங்குகிறது. அப்புறம் வேறு சில நாய்களின் ரத்தமும் கலந்தது. 1911-ல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது.

ரஷ்ய சர்க்கஸ் நாய்களை வாங்கித்தான் பிரபு இதை உருவாக்கினார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது தவறு, 1952-ல் வெளியான அவருடைய இனப்பெருக்கப் பதிவேட்டில் அப்படி ஒரு நாயே கிடையாது.