பஸ் நிற்காமல் போனால் யாரிடம் சொல்வது?

பஸ், ரயில், ஆட்டோ பயணத்தில் வரும் தொல்லைகளை எங்கே, எப்படிப் புகார் செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: எங்கள் நிறுத்தத்தில் காலை எட்டு மணி டவுன் பஸ் வாரத்தில் மூன்று நாளாவது நிற்காமல் போய்விடுகிறது. கையைக் காட்டினால், பின்னால் வேறு வண்டி வருகிறது என்று டிரைவர் சைகை செய்கிறார். இரண்டு முறை போன் செய்து சொல்லியும் பலன் இல்லை. (செங்கல்பட்டு வாசகி)

ப: போனில் என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்த விஷயம் இது. "எட்டு மணி பஸ் நிற்பதே இல்லை" என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள், சம்பந்தப்பட்ட கிளைக்கும், அதாவது பணிமனைக்கும், அனுப்புவார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு கிளை மேலாளர் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்? ஒரே தடத்தில் பல வண்டிகள் ஓடும். டிரைவரும் கண்டக்டரும் டியூட்டிக்கு டியூட்டி மாறுவார்கள். வண்டியின் பதிவெண், தேதி, நேரம் மூன்றும் இருந்தால், அன்றைய டியூட்டிப் பட்டியலைப் புரட்டி அந்த வண்டியில் யார் இருந்தார்கள் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம். இல்லையென்றால் "அனைத்து ஓட்டுநர்களுக்கும் அறிவுறுத்தப்பட்டது" என்ற ஒரு வரியோடு கோப்பை மூடிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

தட எண்ணைச் சொல்லிவிட்டு, பஸ் நம்பரைச் சொல்லியாயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய. முன்கண்ணாடிக்கு மேலே போர்டில் இருப்பது தட எண். புகாருக்கு அதோடு நம்பர் பிளேட்டில் உள்ள பதிவெண்ணும் வேண்டும். அதில் இன்னொரு தகவலும் ஒளிந்திருக்கிறது. அரசு பஸ்களில் மாவட்ட எண்ணுக்கு அடுத்து வரும் எழுத்துகளில் 'என்' இருக்கும். அது இல்லையென்றால் அநேகமாகத் தனியார் டவுன் பஸ். அதைப் பற்றிப் போக்குவரத்துக் கழகத்திடம் எத்தனை முறை சொன்னாலும் வேலைக்கு ஆகாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம், அதாவது ஆர்டிஓவிடம், எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓடும் வண்டியின் எண்ணை மனதில் வைத்துக்கொள்வது கஷ்டம். வண்டி தாண்டியதும் பின்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுங்கள். எண்ணும் கிடைக்கும், நேரமும் படத்தோடு பதிவாகிவிடும். அரசு பஸ் என்றால் 149 என்ற எண்ணை அழைத்து, பதிவெண், தட எண், நிறுத்தத்தின் பெயர், எந்தத் திசையில் போன வண்டி, தேதி, நேரம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். எந்தத் திசை என்பதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். போகும்போதா, திரும்பும்போதா என்று தெரியாவிட்டால் எந்த நடை, அதாவது எந்த டிரிப், என்று கண்டுபிடிக்க முடியாது. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

ஒரு நாள் நடந்ததைவிட, ஒரே வாரத்தில் மூன்று தேதிகளைக் குறித்து எழுதும் புகாருக்கு எடை அதிகம். ஒரு நாள் என்றால் 'வண்டி நிரம்பி வழிந்தது' என்று பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கலாம். மூன்று நாளும் அதே வண்டி, அதே நிறுத்தம் என்றால் அந்தப் பதிலைச் சொல்வது கடினம். சென்னை மாநகர பஸ்களில் ஜிபிஎஸ் கருவி இருப்பதால், வண்டி அந்த நிமிடத்தில் அங்கே நின்றதா என்பதை அவர்களே சரிபார்க்க முடியும். அப்படிச் சரிபார்க்கவும் துல்லியமான நேரம் வேண்டும்.

புகார் செய்யும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அந்த வண்டிக்கு அங்கே நிறுத்தம் உண்டா? விரைவு, இடைநில்லா வண்டிகள் சின்ன நிறுத்தங்களில் நிற்க வேண்டியதில்லை. டிரைவர் காட்டிய சைகையிலும் கொஞ்சம் செய்தி இருக்கிறது. நெரிசலில் தாமதமாகும் வண்டியும் அடுத்த வண்டியும் ஒட்டிக்கொண்டு வந்தால், முன்னால் போவது கூட்டத்தோடு நேரத்தைப் பிடிக்க ஓடும், பின்னால் வருவது காலியாக வரும். பின்னால் உண்மையிலேயே வண்டி வந்ததா, எத்தனை நிமிடத்தில் வந்தது என்றும் எழுதுங்கள். 'அடுத்த வண்டி 35 நிமிடம் கழித்துத்தான் வந்தது' என்ற ஒரு வரி, புகாரின் மற்ற வரிகளைவிட அதிக வேலை செய்யும்.

கே: சில்லறை இல்லை என்று கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்தார். இறங்கும் அவசரத்தில் வாங்க மறந்துவிட்டேன். போனது போனதுதானா? (கும்பகோணம் வாசகர்)

ப: டிக்கெட் கையில் இருக்கும்வரை போகவில்லை. டிக்கெட்டில் அச்சான எண்கள், தேதி, நேரம் ஆகியவற்றை வைத்து எந்த கண்டக்டர் என்று தெரிந்துவிடும். படம் எடுத்துவிட்டு, அந்த வண்டி எந்தக் கிளையைச் சேர்ந்ததோ அங்கே நேரில் கேளுங்கள், அல்லது 149-இல் பதியுங்கள். வெயிலில் வைத்தால் அந்தத் தாளில் உள்ள எழுத்து மங்கிவிடும். அன்றே படம் எடுப்பது நல்லது. பெண்களுக்குத் தரும் கட்டணமில்லாப் பயணச் சீட்டையும் இதே காரணத்துக்காகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுக்கவில்லையே என்று விட்டுவிட்டால், அந்த வண்டியில் நீங்கள் போனதற்கே சாட்சி இல்லை.

கே: இரவு ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசி பாதி வழியில் நின்றுவிட்டது. டிடிஇ-யிடம் சொன்னோம், காலையில் சரியாகிவிடும் என்றார். ஊருக்கு வந்து மின்னஞ்சல் அனுப்பினால் பணம் கிடைக்குமா? (மதுரை வாசகர்)

ப: மின்னஞ்சல் மட்டும் அனுப்பினால் கிடைப்பது கடினம். இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று அப்போதே சரிசெய்ய வைப்பது, இன்னொன்று பணத்தைத் திரும்பப் பெறுவது. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

சரிசெய்ய வைக்க, ரயிலில் இருக்கும்போதே 139-ஐ அழையுங்கள், அல்லது ரயில் மதத் செயலியில் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்துப் பதியுங்கள். பெட்டி எண், படுக்கை எண், அடுத்து வரும் பெரிய நிலையம் மூன்றையும் சொல்லுங்கள். அடுத்த நிலையம் எதற்கென்றால், மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் மதுரை, திருச்சி, சென்னை என்று மூன்று ரயில்வே நிர்வாகக் கோட்டங்களைக் கடக்கிறது. இப்போது எந்தக் கோட்டத்தில் இருக்கிறதோ, அந்தக் கோட்டத்து ஆட்கள்தான் வந்து பார்க்க முடியும். திண்டுக்கல்லில் பதிந்தால் திருச்சியில் ஏசி மெக்கானிக் தயாராக நிற்க வாய்ப்பு உண்டு. திருச்சி தாண்டியபின் பதிந்தால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும். கழிப்பறையில் தண்ணீர் தீர்ந்தாலும் இதே கணக்குதான். எல்லா நிலையத்திலும் பெட்டிக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது, அதற்கென்று சில நிலையங்கள் இருக்கின்றன. அடியோடு தீர்ந்தபின் சொல்வதைவிட, குறையத் தொடங்கும்போதே சொல்வது புத்திசாலித்தனம்.

பணத்துக்கு, டிடிஇ எழுதித் தரும் சான்று வேண்டும். ஜிசி, இஎஃப்டி என்று ரயில்வே ஊழியர்கள் சொல்வது இதைத்தான். எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம்வரை ஏசி ஓடவில்லை என்று அதில் இருக்க வேண்டும். இறங்கும் முன் கேட்டு வாங்குங்கள். இறங்கியபின் அவரைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். இணையத்தில் எடுத்த டிக்கெட் என்றால், நீங்கள் இறங்கும் நிலையத்துக்கு ரயில் உண்மையில் வந்துசேர்ந்த நேரத்திலிருந்து 20 மணி நேரத்துக்குள் ஐஆர்சிடிசி-யில் டிடிஆர், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு, பதிந்து, அசல் சான்றை அவர்களுக்கு அனுப்ப வேண்டும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் அதே 20 மணி நேரத்துக்குள் டிக்கெட்டையும் சான்றையும் இறங்கிய நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

முழுக் கட்டணமும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாம் வகுப்பு ஏசியோ இரண்டாம் வகுப்பு ஏசியோ, அந்தக் கட்டணத்துக்கும் ஸ்லீப்பர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வரும். அதுவும் ஏசி ஓடாத தூரத்துக்கு மட்டும். ஏசி சேர் கார் என்றால் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தோடு உள்ள வித்தியாசம். வேறொருவர் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்திருந்தால் பணம் அந்தக் கணக்குக்கே போகும்.

ஏசி ஓடவில்லை என்பதற்காகச் சங்கிலியை இழுக்க வேண்டாம். தக்க காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவு உங்கள்மேல் பாயும்.

கே: ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். பயணத்தையே விட்டுவிட்டால்? (அரக்கோணம் வாசகி)

ப: முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ரயில் உங்கள் நிலையத்தை விட்டுப் புறப்படும் முன் டிடிஆர் பதிய வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், அதற்குள் ரயில் வந்து போய்விடும்.

கே: எங்கள் பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை உடைந்து கிடக்கிறது, விளக்கும் இல்லை. போக்குவரத்துக் கழகத்துக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. (தாம்பரம் வாசகர்)

ப: கதவு மாறிப் போய்விட்டது. பஸ்தான் கழகத்துடையது. நிழற்குடையும் தெருவிளக்கும் பெரும்பாலும் உள்ளாட்சியின் பொறுப்பு. நீங்கள் உங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். சென்னை மாநகராட்சி எல்லையில் இருப்பவர்கள் 1913-ஐ அழைக்கலாம். கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். லைன்மேன் தேடி அலைய வேண்டியிருக்காது. எந்த அலுவலகம் என்றே புரியாதபோது, முதல்வரின் முகவரித் துறையின் 1100-இல் பதிந்தால் உரிய துறைக்கு அனுப்புவார்கள். சுற்றி வரும் வழி என்பதால் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும்.

கே: பண்டிகை நாளில் ஆம்னி பஸ்ஸில் இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கினார்கள் என்று புகார் செய்யலாமா? (கோவில்பட்டி வாசகர்)

ப: அந்த வாசகத்தை எழுதினால் புகார் வலுவிழந்துவிடும். அரசு பஸ்ஸும் தனியார் டவுன் பஸ்ஸும் ஸ்டேஜ் கேரியேஜ், அதாவது நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றி இறக்கும் வண்டி. அவற்றுக்கு அரசு கட்டணம் வகுக்கிறது. ஆம்னி பஸ் ஓடுவது கான்ட்ராக்ட் கேரியேஜ், அதாவது ஒப்பந்த வண்டி, அனுமதியில்; அதற்கு அப்படி அரசு வகுத்த கட்டணம் இல்லை. எனவே நடந்ததை மட்டும் எழுதுங்கள். இதே நிறுவனம், இதே தடம், இதே வகை இருக்கை, பண்டிகைக்கு இரண்டு வாரம் முன் இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட்களை இணைத்துக் கொடுங்கள். போக்குவரத்துத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 6151. பண்டிகைக் காலத்தில் சோதனைக் குழுக்கள் சாலையில் இருக்கும் என்பதால், பயணத்துக்கு முன்போ பயணத்தின்போதோ சொல்லும் புகாருக்குத்தான் உடனடி மதிப்பு.

கடைசி நேரத்தில் வண்டியை ரத்து செய்வது, ஸ்லீப்பர் என்று சொல்லி உட்காரும் இருக்கை தருவது போன்றவை சேவைக் குறைபாடு. அவற்றுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கே: மீட்டர் போட மறுக்கும் ஆட்டோ? (சென்னை வாசகி)

ப: பதிவெண், ஏறிய இடம், இறங்கிய இடம், கேட்ட தொகை ஆகியவற்றோடு ஆர்டிஓ அலுவலகத்திலோ போக்குவரத்துக் காவலரிடமோ சொல்லலாம். 2013-இல் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அந்தக் கணக்கில் சாலையில் ஆட்டோ கிடைக்காது என்பது உங்களுக்கும் தெரியும், அலுவலருக்கும் தெரியும். அதனால் 'பத்து ரூபாய் கூடக் கேட்டார்' என்ற புகார் நகராது. பேசிய தொகையை இறங்கும்போது மாற்றிக் கேட்டது, மிரட்டியது, பாதி வழியில் இறக்கிவிட்டது போன்றவை நகரும்.

கே: புகார் எண் கிடைத்தது. நான்கு நாளில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி. என்ன நடவடிக்கை என்றே தெரியவில்லை. அடுத்து என்ன செய்ய? (சேலம் வாசகர்)

ப: அதிகக் கடிதம் வருவது இதைப் பற்றித்தான். ரயில் புகார் என்றால், முடித்தபின் வரும் கருத்துக் கேட்பில் 'திருப்தி இல்லை' என்று பதியுங்கள். பலர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். பிறகு மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டுப் புதிதாகப் பதியலாம். அங்கே 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2024-இல் வந்த வழிகாட்டுதல். பதில் பிடிக்காவிட்டால் மேல்முறையீடும் உண்டு.

அரசு பஸ் புகாருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கை கொடுக்கும். சம்பந்தப்பட்ட கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் மனுக்கள் தவறுகின்றன. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்டால், விளக்கம் தர இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். 'எனது இன்ன எண் புகாரின் மீது கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்', 'இன்ன தேதியில் இன்ன பதிவெண் வண்டி புறப்பட்ட, வந்துசேர்ந்த நேரப் பதிவின் நகல்' என்று இருக்கட்டும். அந்தக் கண்டக்டருக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள் என்று கேட்டால், தனிநபர் தகவல் என்று மறுக்க வழி இருக்கிறது. கோப்பு நகலைக் கேட்டால், உங்கள் புகாரை யாராவது படித்தார்களா என்பது தெரிந்துவிடும்.

கேமரா பதிவு தேவைப்படும் விஷயம் என்றால் 30 நாள் காத்திருக்க முடியாது. பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறி அழிந்துவிடும். நடந்த அன்றோ மறுநாளோ, 'இந்த நேரத்துப் பதிவை அழியாமல் பாதுகாக்கவும்' என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: கண்டக்டர் தகராறு செய்ததை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சீக்கிரம் வேலை நடக்கிறதே? (திருப்பூர் வாசகர்)

ப: சில சமயம் நடக்கிறது, மறுப்பதற்கில்லை. வெட்டி ஒட்டிய அரை நிமிட வீடியோ உங்கள்மேலேயே திரும்புவதும் நடக்கிறது. எடுத்த வீடியோவை முழுதாக வைத்துக்கொண்டு புகாரோடு கொடுங்கள். வண்டியை மறித்து நிற்பது, டிக்கெட் மெஷினைப் பிடுங்குவது இரண்டும் கூடவே கூடாது. அரசு ஊழியரைத் தாக்கியோ பலத்தைக் காட்டியோ பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று வழக்கு வந்தால், சில்லறைத் தகராறு அதற்குள் மறைந்தே போகும்.

கே: எங்கள் கிராமத்துக்குப் பள்ளி விடும் நேரத்தில் பஸ்ஸே இல்லை. இதற்கும் 149-தானா? (உசிலம்பட்டி வாசகி)

ப: இது புகார் இல்லை, கோரிக்கை. போனில் தீராது. எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு விடுகிறது, எந்த நிறுத்தத்தில் எத்தனை பிள்ளைகள், இப்போதுள்ள பஸ் எத்தனை மணிக்குப் போய்விடுகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் இருக்கட்டும். புது பஸ் வேண்டும் என்று கேட்பதைவிட, இருக்கும் நடையை 20 நிமிடம் தள்ளி வைக்கக் கேட்டால் சீக்கிரம் நடக்கும். அதற்குப் புதிய வண்டியோ கூடுதல் ஆட்களோ வேண்டாம். ஒரு பிரதியைக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். இன்னொன்றைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகம் அதைக் கழகத்துக்குத்தான் அனுப்பும். ஆனால் அப்படிப் போகும் மனுவுக்கு அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.