ஈயைப் பிடிக்கவா இவ்வளவு படித்தாள்?

கேள்வி: என் மகள் முதுகலை முடித்துவிட்டு இங்கேயே ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருக்கிறாள். பழ ஈயின் குடலில் ஸ்டெம் செல்கள் எப்படிப் பெருகுகின்றன என்று பார்க்கிறாளாம். "ஈயைப் பிடிக்கவா இவ்வளவு படித்தாள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகள் உட்காரும் மேசையைப் பற்றிச் சொல்கிறேன். அதே மாதிரி மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். பஞ்சு அடைத்த சிறு குழாய்கள் வரிசையாக நிற்கும். அடியில் மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிய உணவு. ஈக்களைக் கார்பன் டை ஆக்சைடால் மயக்கி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, இரண்டு கூரிய இடுக்கிகளால் குடலை உருவி எடுக்க வேண்டும். ஈயின் நீளமே மூன்று மில்லிமீட்டர்தான். கொஞ்சம் வேகமாக இழுத்தால் குடல் அறுந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் அந்த மேசையில் நிலைக்க மாட்டார்கள்.

நம் குடலைப் போலவே ஈயின் குடலிலும் உட்சுவர்ச் செல்கள் ஓயாமல் தேய்ந்து உதிர்கின்றன. அவற்றை ஈடுகட்டப் புதிய செல்களைத் தரும் ஸ்டெம் செல்கள் வளர்ந்த ஈயிலும் உண்டு என்பதை 2006இல்தான் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. ஸ்டெம் செல் இரண்டாகப் பிரியும்போது பெரும்பாலும் ஒன்று ஸ்டெம் செல்லாகவே நிற்கும். மற்றது குடல் செல்லாக முதிரும். இதைத் தீர்மானிப்பது டெல்டா, நாட்ச் என்ற இரண்டு புரதங்களின் தொடர்பு. நாட்ச்சை நீக்கிவிட்டால் முதிர வேண்டிய செல்கள் முதிராமல் கட்டியாகத் திரள்கின்றன.

எப்போது பிரிய வேண்டும் என்று ஸ்டெம் செல்லுக்கு யார் சொல்வது? எனக்கு இன்றும் வியப்பளிப்பது இந்த இடம்தான். அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்! ஒரு குடல் செல் சாகும்போது, பிரியத் தூண்டும் வளர்ச்சிக் காரணியை வெளியிட்டுவிட்டுப் போகிறது. நோய்க்கிருமி தாக்கினால், அடிபட்ட செல்கள் அப்டி3 என்ற புரதத்தை அவசரச் செய்தியாக அனுப்புகின்றன. குடலைச் சுற்றியுள்ள தசையும் சும்மா இருப்பதில்லை: ஈ வயிறாரச் சாப்பிட்டதும் இன்சுலின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது, ஸ்டெம் செல்கள் பெருகிக் குடலே பெரிதாகிறது. பட்டினி போட்டால் குடல் சுருங்குகிறது.

இத்தனை பேர் முடுக்கும்போது தடுப்பு சரியாக இருந்தாக வேண்டும். கிழட்டு ஈயில் அது தளர்கிறது. ஸ்டெம் செல்கள் தேவைக்கு மேல் பிரிந்து, முதிராத செல்கள் குவிகின்றன. சுவரின் காப்பும் கெடுகிறது. உணவில் நீலச் சாயம் கலந்து கொடுத்தால், நல்ல ஈயில் சாயம் குடலுக்குள்ளேயே இருக்கும். சுவர் கெட்ட ஈயிலோ தலை முதல் வால் வரை நீலம் பரவிவிடும். அப்படி நீலமான ஈ அதிக நாள் வாழாது.

உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்: மனிதர்களின் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஏபிசி என்ற மரபணு பழுதாவதில் தொடங்குகின்றன. அதன் ஈ வடிவத்தை நீக்கினால் ஈயின் குடலிலும் ஸ்டெம் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. மனிதரிடம் ஒரு மரபணுவை நீக்கிப் பார்க்க முடியாது. ஈயில் முடியும், அதுவும் சில வாரங்களுக்குள். உங்கள் ஊரிலேயே என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த ஒபைத் சித்திக்கி, ஈயின் மோப்ப உணர்வையும் சுவையுணர்வையும் ஆராய்ந்துதான் உலகப் புகழ் பெற்றார். உங்கள் மகள் நல்ல வேலையில் இருக்கிறாள். ஒருநாள் அவளுடைய ஆய்வகத்துக்குப் போய் அந்தக் குடலை நுண்ணோக்கியில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மூடி வைத்த வாழைப்பழத்தில்கூட இந்த ஈ எப்படி வருகிறது?
– ஒரு வாசகர், ஜாலஹள்ளி

பதில்: பல நேரம் கடையிலேயே ஈ பழத்தில் முட்டையிட்டிருக்கும். பெங்களூருவின் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் அது ஈயாகிவிடும். வாங்கியதும் பழத்தைக் கழுவித் துடையுங்கள். கனிந்ததைத் தாமதிக்காமல் சாப்பிடுங்கள். ஒரு கிண்ணத்தில் வினிகரும் ஒரு சொட்டுச் சோப்புத் திரவமும் வைத்தால் மிச்சமிருப்பவை அதில் விழும்.