கேள்வி–பதில்: மரபணுவுக்குள் குடியேறிய வைரஸ்கள்

கேள்வி: நம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 8 விழுக்காடு பழங்கால வைரஸ்களின் எச்சம் என்று படித்தேன். வைரஸ் என்றால் தொற்றும், நோய் தரும், பிறகு நீங்கிவிடும் என்றல்லவா நினைத்திருந்தோம்? அது எப்படித் தலைமுறை தலைமுறையாக வரும் சொத்தாயிற்று? உடல் ஏன் அதை வெளியேற்றவில்லை?
– கல்லூரி மாணவி ஒருவர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் படித்த கணக்கு சரியானதே. அந்த எச்சங்கள் ரெட்ரோவைரஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை, எச்.ஐ.வி.யும் அதே குடும்பம்தான். தன் மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, தொற்றிய செல்லின் குரோமோசோமுக்குள் செருகிவிடுவது இக்குடும்பத்தின் வழக்கம். செருகப்பட்ட இடம் ஓர் இரத்த செல்லாக இருந்தால், அந்த விலங்கு இறக்கும்போது அதுவும் அழிந்துவிடும். விந்தணுவையோ கருமுட்டையையோ உருவாக்கும் செல்லாக இருந்துவிட்டாலோ, பிறக்கும் குட்டியின் ஒவ்வொரு செல்லிலும் அந்த வைரஸ் இடம்பெற்றுவிடும். அதற்குப் பின் அது தொற்றிப் பரவ வேண்டியதே இல்லை, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருக்கும்.

உள்ளே சேர்ந்தபின் அது வேதியியல்படி மற்ற டி.என்.ஏ.வைப் போன்றதே. ஆகவே அதை அடையாளம் கண்டு துல்லியமாக வெட்டியெடுக்கும் ஏற்பாடு எதுவும் செல்லிடம் இல்லை. வைரஸின் இரு முனைகளும் ஒரே எழுத்துவரிசை கொண்டவை என்பதால், சில வேளை அவை தம்முள் இணைந்து, நடுப்பகுதி கழன்று விழுந்து, ஒரு முனை மட்டும் எஞ்சுவதுண்டு. நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை அப்படி எஞ்சிய ஒற்றை முனைகள்தாம். முழுமையாக நிற்பவற்றை உடல் பேசவிடாமல் அடக்கி வைக்கிறது. வைரஸ் வரிசைகளைத் தேடிப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் பல நம்மிடம் உண்டு. அவை பற்றிய இடத்தில் டி.என்.ஏ. இறுக்கமாகச் சுருட்டப்பட்டு, மெத்தில் என்னும் வேதிக்குறிகள் இடப்பட்டு, படியெடுக்க இயலாத நிலைக்குப் போகிறது.

நம் உடலில் இவையெல்லாம் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்தவை. ஆனால் இதே குடியேற்றம் இன்று, நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும் ஒரு விலங்கு இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் கோலா. இத்துறையில் நான் பெரிதும் வியந்து படித்தது இதைத்தான். கோலாக்களுக்கு இரத்தப் புற்றுநோய் மிகுதியாக வருவதோடு தொடர்புடைய ஒரு ரெட்ரோவைரஸ், அவற்றின் இனப்பெருக்க செல்களுக்குள் புகுந்துகொண்டிருப்பதை 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வடக்கே குயின்ஸ்லாந்தில் பரிசோதிக்கப்பட்ட கோலாக்கள் அனைத்திடமும் அது இருந்தது; தெற்கே போகப் போகக் குறைந்து, தனித்து வாழும் சில கூட்டங்களில் அப்போது காணப்படவே இல்லை. வைரஸ் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பரவிவருவதையே இது காட்டுகிறது.

இவ்வளவு புதிய எதிரியை அந்த விலங்கு எப்படி எதிர்கொள்கிறது என்பதற்கு 2019இல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. நம் மரபணுக்களிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வில் வேண்டாத பகுதிகள் வெட்டப்பட்டு, மீதி ஒட்டப்பட்ட பிறகே பெரும்பாலும் அது வேலைக்கு வரும். வைரஸுக்கோ, புதிய துகள்களுக்குள் அடைத்து அனுப்ப வெட்டுப்படாத முழு நீள ஆர்.என்.ஏ. வேண்டும். கோலாவின் விந்தகத்தில் இப்படி வெட்டுப்படாத வைரஸ் ஆர்.என்.ஏ.வே குறிவைக்கப்பட்டு, பை-ஆர்.என்.ஏ. எனப்படும் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகிறது. வெட்டி ஒட்டப்பட்டவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அதாவது, வந்திருப்பது எந்த வைரஸ் என்று அறியாத நிலையிலும், அது வைரஸாக இருக்கத் தேவைப்படும் ஒரு தன்மையைக் கொண்டே செல் அதைப் பிடித்துக்கொள்கிறது. இந்த முதற்கட்டக் காவல் வைரஸை முற்றாக ஒடுக்கிவிடுவதில்லை. நிலையான ஒடுக்கம் பல தலைமுறைகளில்தான் அமையும், அதுவரை கோலாக்கள் நோய்ப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

குடியேறிய வைரஸையே காவலுக்கு வைத்துக்கொண்ட விலங்குகளும் உண்டு. செம்மறியாட்டுக்கு நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு ரெட்ரோவைரஸ் இருக்கிறது. அதன் உறவினர்கள் பல ஆட்டின் மரபணுத்தொகுதியிலேயே தங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் உட்கூட்டுப் புரதத்தில், 21ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டியதற்குப் பதிலாக டிரிப்டோபேன் என்னும் வேறொரு அமினோ அமிலம் அமைந்துவிட்டது. அந்தப் பழுதான புரதம், புதிதாகத் தொற்றும் வைரஸின் புரதங்களோடு கலந்து கூடுகட்டும்போது, துகள்கள் செல்லைவிட்டு வெளியேற முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. அதே ஆட்டில், இந்தக் குடியேறிகளின் உறைப்புரதம் இல்லாவிட்டால் கரு சரியாக வளர்வதில்லை என்பதும் சோதனையில் தெரியவந்தது. மனிதருக்கும் நஞ்சுக்கொடியில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாவதற்கு உதவும் சின்சிட்டின் என்னும் புரதம், ஒரு பழைய வைரஸின் உறைப்புரதமே. உடல் ஏன் வெளியேற்றவில்லை என்ற உங்கள் கேள்விக்கு, சிலவற்றைப் பொறுத்தவரை, இன்று வெளியேற்றினால் நாம் பிறக்கவே முடியாது என்பதே விடை.

கேள்வி: பன்றியின் உறுப்பை மனிதருக்குப் பொருத்தும்போது பன்றியின் பழைய வைரஸ்கள் நம்மிடம் வந்துவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஈரோடு

பதில்: இந்த அச்சம் வெறும் ஊகமன்று. பன்றியின் மரபணுத்தொகுதியில் உறையும் ரெட்ரோவைரஸ், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனித செல்களைத் தொற்றக்கூடியது என்று 1997இலேயே காட்டப்பட்டது. டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஒரு பன்றிச் செல்வரிசையிலிருந்த இந்த வைரஸின் 62 நகல்களையும் செயலிழக்கச் செய்ததாக 2015இலும், அவ்வாறு செயலிழக்கச் செய்த செல்களிலிருந்து குட்டிகளை ஈன்றெடுக்கச் செய்ததாக 2017இலும் ஆய்வாளர்கள் அறிவித்தனர். பன்றித் திசு பொருத்தப்பட்டவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றியதாக இதுவரை பதிவு இல்லை. ஆயினும் உறுப்பு பெறுபவருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தரப்படுவதால், அவரை நெடுங்காலம் தொடர்ந்து பரிசோதித்து வருவது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன்.