மூன்று கிணறுகள்

அன்புள்ள ஐயா,

நிலத்தடி நீரியலில் முதுநிலைப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்க இருக்கிறேன். கன்சல்டன்சி ஒன்று தரவரிசையைப் பார்த்துப் பன்னிரண்டு இடங்களின் பட்டியல் கொடுத்திருக்கிறது. படிப்பின் நோக்கத்தைச் சொல்லும் அறிக்கையை, அதாவது எஸ்.ஓ.பி.யை, அவர்களே எழுதித் தருகிறார்களாம். நான் எழுதியதை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்வீர்களா? பரிந்துரைக் கடிதம் கேட்டபோது என் பேராசிரியர், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டார். இரண்டாம் ஆண்டில் கணிதத் தாள் ஒன்றில் தோற்று மறுமுறை எழுதித் தேறினேன். அதைச் சொல்வதா, விட்டுவிடுவதா? ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வை எழுதத்தான் வேண்டுமா? பணத்துக்கு என்ன வழி? நிறையக் கேட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

ந.

அன்புள்ள ந.,

உங்கள் எஸ்.ஓ.பி.யை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பாதியிலேயே தூங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "சிறு வயதிலிருந்தே நீர் என்னை ஈர்த்து வந்திருக்கிறது" என்று தொடங்குகிறீர்கள். பிறகு பரிசுகள், தலைமைப் பண்பு, உலகத் தரமான கல்வி. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கடைசிக்கு முந்தைய பத்தியில், ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே இது கண்ணில் பட்டது: "14 கடலோரக் கிணறுகளில் எடுத்த மின்கடத்துதிறன் அளவீடுகளில், வறண்ட மாதங்களில் உப்பு குறைந்ததாகக் காட்டிய 3 கிணறுகள் பிழை எனக் கருதி நீக்கப்பட்டன." நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதை மின்கடத்துதிறனை வைத்தே கணிக்கிறோம். வறண்ட மாதங்களில் மழை கிடையாது, இறைப்பு அதிகம். நன்னீரின் மட்டம் தாழத் தாழக் கடல் நீர் நிலத்துக்குள் நகரும், கிணற்றில் உப்பு கூட வேண்டும். உங்கள் மூன்று கிணறுகளில் குறைந்திருக்கிறது. ஏன்? பக்கத்தில் கால்வாய் கசிகிறதா? வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் திரும்ப இறங்குகிறதா? அந்த மூன்றும் மற்றவற்றைவிட ஆழம் குறைந்தவையா? இதில் எதையும் கேட்காமல் பிழை என்று ஒதுக்கிவிட்டு, பரிசுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மூன்று கிணறுகள்தான் உங்கள் எஸ்.ஓ.பி. முதல் வரியிலேயே அவற்றைக் கொண்டுவாருங்கள். என்ன அளந்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, ஏன் ஒதுக்கினீர்கள், இப்போது ஏன் அது உறுத்துகிறது என்று எழுதுங்கள். அதற்கு விடை தேட என்னென்ன கற்க வேண்டும், அதை அந்தத் துறையில் யார் கற்பிக்கிறார் என்பது தானாகப் பின்னால் வரும். உங்கள் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். எல்லாம் தெரிந்தவருக்கு முதுநிலைப் படிப்பு எதற்கு?

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டில் ஒரு துறையின் சேர்க்கைக் குழுவில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். டிசம்பரில் கடைசித் தேதி முடிந்ததும் கோப்புகள் வந்து குவியும். பகலில் வகுப்பு, ஆய்வகம். வாசிப்பு இரவில்தான். ஒரு கோப்புக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் அது தாராளம். நீங்கள் இதை மதிப்பெண் கூட்டிப் பட்டியல் போடும் தேர்வு மாதிரி நினைக்கிறீர்கள். அங்கே நடப்பது, களைத்துப்போன மூன்று நான்கு பேர் "இவரோடு இரண்டு ஆண்டு வேலை செய்ய முடியுமா" என்று யோசிப்பது. "சிறு வயதிலிருந்தே" என்று தொடங்கும் அறிக்கைகளை நாங்கள் முதல் பத்தியைத் தாண்டித்தான் படிக்கத் தொடங்குவோம், பழக்கதோஷம்.

கன்சல்டன்சி எழுதித் தரும் அறிக்கையில் மூன்று கிணறுகள் இருக்காது. அவர்களுக்கு அவற்றைத் தெரியாது.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருகிறேன். ஒரு முறை ஒரே மாணவருக்கு வந்த இரண்டு கடிதங்களிலும் "அயராத தேடல்" என்ற சொற்கள் இருந்தன. தற்செயல் என்று நினைத்துக்கொண்டே மாணவரின் அறிக்கையைத் திறந்தேன், அங்கும் அதே அயராத தேடல். மூன்றையும் எழுதிய கை ஒன்று. மதிப்பெண்கள் நன்றாகத்தான் இருந்தன, நல்ல மாணவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடிதங்களுக்கு அதன்பின் எடை இல்லை, கோப்பு ஓரமாகப் போய்விட்டது. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அவரிடமும் யாரோ "நீயே எழுதிக்கொண்டு வா" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் பேராசிரியரிடம் கடிதத்தை எடுத்துப் போகாதீர்கள், குறிப்பு ஒன்றை எடுத்துப் போங்கள். ஒரே பக்கம். அவரிடம் எந்தெந்தப் பாடம் படித்தீர்கள், எந்த அளவீட்டில் தவறினீர்கள், அவர் என்ன சொன்னார், அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று நடந்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கொடுங்கள். அதை வைத்து அவர் சொந்தமாக நான்கு வரி எழுதினாலும், நீங்கள் எழுதும் நான்கு பத்தியைவிட அது மேல். அதற்கும் அவருக்கு நேரம் இல்லை என்றால், பதவி சிறியதானாலும் உங்களோடு கிணற்றடியில் நின்ற விரிவுரையாளரைக் கேளுங்கள். இன்னொன்று: பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கே இணைப்பை அனுப்புகின்றன. அவர் பெயரில் புதிதாக ஒரு முகவரி உண்டாக்கி நீங்களே நிரப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கண்டுபிடித்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

தோற்ற கணிதத் தாளை மறைக்க வழியில்லை, மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வாக்கியம் போதும்: தோற்றேன், அதன்பின் இன்ன கணிதப் பாடத்தில் இன்ன மதிப்பெண் எடுத்தேன். சோகக்கதை வேண்டாம்.

ஜி.ஆர்.இ. பற்றிப் பொதுவான பதில் கிடையாது. 2020க்குப் பிறகு பல துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன, சில மறுபடி கேட்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், அடுத்த துறை கேட்காது. துறையின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். ஆங்கிலத் தேர்வுகளான டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டும் இரண்டே ஆண்டு, அவற்றை அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

பட்டியலைப் பார்த்தேன். பன்னிரண்டில் நான்கு இடங்களில் நிலத்தடி நீரில் வேலை செய்பவர்களையே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தரவரிசை பல்கலைக்கழகம் முழுவதற்கும் போடுவது. உங்களுக்கு வேண்டியது ஒரு துறை, அதற்குள் ஒரு ஆள். பல கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகங்களே கமிஷன் தருகின்றன. கமிஷன் தராத நல்ல இடங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. நீருக்கென்றே இருக்கும் நெதர்லாந்தின் ஐ.ஹெச்.இ. டெல்ஃப்ட் உங்கள் பட்டியலில் இல்லாததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். கடல் மட்டத்துக்குக் கீழே பாதி வாழ்க்கை நடத்துகிற நாட்டில் உப்புநீரைப் பற்றிப் படிக்காமல் வேறெங்கே படிப்பது?

பன்னிரண்டை ஐந்தாகக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அறிக்கையின் கடைசிப் பகுதியைப் புதிதாக எழுதுங்கள். என் முதல் விண்ணப்பத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதை வெட்டி இன்னொன்றுக்கு ஒட்டினேன், கடைசி வரியில் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வரியில் மறுத்தார்கள். ஒரு வரியே போதுமாயிருந்திருக்கும்.

பணம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் முதுநிலைக்குப் பெரும்பாலும் கைக்காசு. அறிவியல், பொறியியல் துறைகளில் நேரடியாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் பொதுவாகக் கட்டணமும் இல்லை, மாதப் படியும் கிடைக்கும். இளநிலை முடித்தவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே உதவித்தொகையோடு இடம் தந்துவிட்டு உடனே முடிவு சொல்லச் சொல்லி நெருக்கினால், ஏப்ரல் 15 வரை காத்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட உடன்பாடு ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று பொருள் இல்லை. விசாவுக்கு ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில், அதாவது மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்க முடியும் என்று முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. பிரிட்டனில் காட்ட வேண்டிய பணம் கணக்கில் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. கடன் வாங்கிக் கடைசி வாரத்தில் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையையும் பாருங்கள், மாதம் 1,400 யூரோ. இரண்டு நாடுகளிலாவது படிக்க வேண்டியிருக்கும்.

திருத்திய அறிக்கையை அனுப்புங்கள், படிக்கிறேன். அதற்கு முன் ஒரு சந்தேகம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும், அதனால்தான் 25 டிகிரிக்கு மாற்றி எழுதுகிறோம். நீங்கள் அந்தத் திருத்தத்தை விட்டிருந்தால், வெயில் காலத்தில் அளவு கூடித்தான் காட்டியிருக்கும், குறையாது. கருவியே திருத்திக் கொடுத்த எண்ணை மறுபடி கையால் திருத்தியிருந்தால் குறையும். அந்த மூன்று கிணறுகளை மட்டும் வேறு கருவியில் அளந்தீர்களா?